‘தோ வந்துட்டேன்’ என்று சொன்ன சர்வர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பதினோரு பேருக்கும் வணக்கம். பதினோரு பேர் என்று எனக்கு வந்த கடிதத்தில் இருந்தது. கூடவே அனுப்பிய படத்தில் எண்ணினால் பன்னிரண்டு தலை வருகிறது. பன்னிரண்டாவது ஆள் ஜீப் ஓட்டுநராக இருக்கலாம். பட்டியலில் விட்டுப்போன ஊழியராகவும் இருக்கலாம். எதற்கும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விட்டுப்போனவரைப் பிறகு தேடுவது எவ்வளவு பெரிய பேஜார் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு வரி என்னைச் சரியாகச் சாப்பிட விடவில்லை. ‘சர்வரில் மெமரி சும்மா கிடக்கிறது. அதைக் கேஷாக்கி நெட்வொர்க் டிஸ்கை வேகப்படுத்தலாம் என்று இருக்கிறோம். உங்கள் கருத்து?’ என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளே, அதை நான் செய்து, வாங்கிக் கட்டிக்கொண்டு, ஓய்வும் பெற்றுவிட்டேன். செய்யாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நான் செய்ததை முழுக்கப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

உத்திரமேரூரில் நம் உழவர் குழுமத்தின் நெல் உலர்த்தும் நிலையம் உங்களுக்குத் தெரியும். நான் அங்கே கம்ப்யூட்டர் பொறுப்பில் இருந்தேன். அறுவடை மெஷின் அறுத்துக் கொட்டும் நெல் ஈரமாக இருக்கும். டிரையரில் போட்டு உலர்த்தினால்தான் மூட்டை தாங்கும். இல்லையென்றால் முளைவிட்டுவிடும். எங்களிடம் நான்கு டிரையர். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேருடைய நெல் உலரும். வருகிறவர்களோ அதைப்போல மூன்று மடங்கு. அதனால் டோக்கன். கவுன்டரில் கலா என்ற பெண் பெயரும் மூட்டைக் கணக்கும் பதிவாள். சர்வர் ஒரு எண் தரும். அந்த எண் கைபேசிக்குச் செய்தியாகவும் போகும். எண்ணின் முறை வரும்போது நெல்லை ஏற்றிக்கொண்டு வரவேண்டும்.

சர்வர் உத்திரமேரூரில். டிஸ்க் காஞ்சிபுரத்தில், தலைமை அலுவலகத்து மாடியறையில். ஏனென்றால் எங்கள் கட்டடம் ஏரிக்கரைச் சரிவில் இருந்தது. வாசலுக்கு ஐந்து படி. ஒரு மழையில் தண்ணீர் மூன்று படி ஏறிவிட்டது. மிச்சமிருந்த இரண்டு படியை நம்பி யாரும் டிஸ்கை அங்கே வைக்கத் தயாராக இல்லை. கூரையும் லேசுப்பட்டதில்லை. நான்கு இடத்தில் ஒழுகும். அதற்காகச் சர்வர் அறையில் குறுக்கே ஒரு பெரிய நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தேன். அதன் கீழே எங்கள் சர்வர், பந்தலில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி உறுமிக்கொண்டிருக்கும்.

தூரத்து டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் உங்கள் பன்னிரண்டாவது ஆளுக்காகச் சொல்கிறேன். டிஸ்க் முழுவதும் எண் போட்ட சின்னக் கட்டங்கள். ‘இந்த எண் கட்டத்தைக் கொடு’, ‘அந்த எண் கட்டத்தில் இதை எழுது’ என்று சர்வர் கேட்டுக்கொண்டே இருக்கும். டிஸ்க் தன் வயிற்றுக்குள்தான் இருக்கிறது என்பது சர்வரின் நம்பிக்கை. ஒவ்வொரு கேள்வியும் செய்யாற்றைத் தாண்டிக் காஞ்சிபுரம் போய்ப் பதிலோடு திரும்பி வருகிறது என்பது அதற்குத் தெரியாது. வெயிலில் வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியும். ஒரு பதிவுக்குப் பதினோரு விநாடி ஆனது. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நாற்பது பேருக்கு எண்ணிப் பார்த்தேன்.

எண்ணுவது என் வியாதி. வாசல் படியை, மின்விசிறியின் சுற்றை, கவுன்டரில் முடித்துவிட்டுப் படியிறங்கும் ஆட்களை, எல்லாவற்றையும் எண்ணுவேன். உதடு அசையும். சில நேரம் சத்தமும் வந்துவிடும். கலா எனக்கு ‘எண்ணு சார்’ என்று பெயர் வைத்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்குச் சராசரியாக ஆறு தடவை என் காதில் விழும்.

பதினோரு விநாடி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சர்வரில் அறுபத்து நான்கு ஜிபி மெமரி. அதில் பத்துகூட வேலை செய்யவில்லை. மிச்சத்தைக் கேஷாக்கினேன். அடிக்கடி கேட்கிற கட்டங்களைக் காஞ்சிபுரத்திலிருந்து ஒருமுறை வாங்கி மெமரியில் வைத்துக்கொண்டால், அடுத்தமுறை இங்கேயே கிடைக்கும். பதினோரு விநாடி ஆறானது. இதில் யாருக்கும் நஷ்டமில்லை. மின்சாரம் போனால் மெமரி காலியாகும், அவ்வளவுதான். மூலம் பத்திரமாகக் காஞ்சிபுரத்தில் இருக்கிறது. மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆறும் எனக்குப் போதவில்லை. எழுதுவதையும் முதலில் மெமரியிலேயே எழுதிக்கொள், ‘எழுதியாச்சு’ என்று உடனே சொல்லிவிடு, லைன் சாவகாசமாக இருக்கும்போது காஞ்சிபுரத்துக்கு அனுப்பு என்று மாற்றினேன். லைன் மோசமாக இருந்தால் இருபது நிமிடம் வரை கையில் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதியும் கொடுத்தேன். பதிவு ஒரே விநாடியில் முடிந்தது. கைபேசிச் செய்தி மட்டும் காஞ்சிபுரத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கிளம்பும். ‘பதிவு செய்யப்பட்டது’ என்று திரையில் பச்சை எழுத்து பளிச்சென்று வரும். ஜனங்கள் என்னைப் புகழ்ந்தார்கள். மூன்று பேர் நேரிலேயே வந்து சொன்னார்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று திரையின் மூலையில் ஒரு சின்ன எண்ணை வைத்தேன். மெமரியில் எழுதி, காஞ்சிபுரம் போகாமல் பாக்கி நிற்கிற கட்டங்கள் எத்தனை என்று அது காட்டும். பூஜ்யம் என்றால் கேஷ் காலி. காஞ்சிபுரத்திலிருந்த மேலாளரிடம் தொலைபேசியில் இதை விளக்கியபோது, “கேஷ் காலியா? நேத்துதானேய்யா குடுத்து அனுப்பிச்சேன்!” என்று பதறிப்போனார். அது வேறு கேஷ் என்று புரியவைக்க நான்கு நிமிடம் ஆனது.

சொர்ணவாரி என்கிற கோடைப் போகத்தின் அறுவடை மும்முரமாக இருந்த ஒரு காலை. மழை வரும் என்று வானொலியில் சொல்லிவிட்டதால் கூட்டம் நெரிந்தது. நான் படிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பதிந்துவிட்டு இறங்குகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மாகறல் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா. பெயர் அற்புதம். எண் நூற்றுப் பன்னிரண்டு என்று கலா சொன்னாள். அந்த அம்மா என்னிடம் வந்து, “பதிஞ்சிடிச்சா சார்? போலாமா?” என்று கேட்டார்.

“பதிஞ்சாச்சும்மா, போங்க. மெசேஜ் வரும். கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும், கவலப்படாதீங்க” என்றேன். அவர் முதல் படியில் கால் வைத்ததும் என் வாய் தன் பாட்டுக்கு, “இருபத்தஞ்சு” என்றது.

அவர் நின்று திரும்பினார். “இருவத்தஞ்சு இல்ல சார், நாப்பத்திரண்டு மூட்ட. ஒண்ணுங் கொறயாம நானே எண்ணித் தச்சது.”

“மூட்டைய இல்லம்மா, ஆள எண்ணுறேன்.”

“ஆள எண்ணி இன்னா சார் பண்ணப்போற?” என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் இறங்கினார்கள். முப்பத்தொன்று என்று என் கணக்கு நின்றபோது எலக்ட்ரீஷியன் வந்து சேர்ந்தார். யூபிஎஸ் பேட்டரி உப்பிப்போயிருந்தது. மாற்றவேண்டும் என்று நான்கு நாளாக அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான்கு நாளும் அவர் தொலைபேசியில் சொன்னது ஒன்றுதான்: “தோ வந்துட்டேன் சார்.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் ஊரில் ‘வந்துட்டேன்’ என்றால் வந்துவிட்டேன் என்று பொருள் இல்லை. இனிமேல்தான் சட்டையைத் தேடப்போகிறேன் என்று பொருள். ‘முடிஞ்சிடிச்சி’ என்றால் முடியப்போகிறது. ‘குடுத்துட்டேன்’ என்றால் கொடுக்கிற எண்ணம் உண்டு. நடக்கப்போவதை நடந்ததாகச் சொல்வது நமக்குப் பொய்யே இல்லை, அது ஒரு மரியாதை. கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. உப்பிய பேட்டரிக்கு மட்டும் இந்த இலக்கணம் தெரியவில்லை.

பேட்டரி மாற்ற சர்வரை அணைக்கவேண்டும். முறையாக அணைத்தால், அன்று லைன் இருந்த நிலையில், பாக்கியையெல்லாம் அனுப்பி முடிக்க நேரமாகும். வாசலில் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. மூலையில் இருக்கும் எண் பூஜ்யமாகிவிட்டால் அணைக்கிற சடங்கெல்லாம் எதற்கு, பொத்தானையே அழுத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். நான்தான் முடிவு செய்தேன். சர்வர் அறையிலிருந்தபடி கவுன்டரை நோக்கிக் கத்தினேன்.

“கலா, காலி ஆயிடிச்சா?”

“ஆயிடிச்சி சார்!”

அழுத்தினேன். எழுந்து போய்ப் பார்க்க ஒன்பது தப்படி. நான் போகவில்லை.

பேட்டரி மாறியது. சர்வர் மறுபடி ஓடத் தொடங்கியது. ஒரு பிழைச்செய்தி இல்லை, ஒரு சிவப்பு எழுத்து இல்லை. எல்லாம் சுத்தமாக, சிரித்த முகமாக இருந்தது. பிள்ளைகளே, உடைந்து நிற்கிற சர்வரைக் கண்டு நான் பயந்ததில்லை. சிரிக்கிற சர்வரைக் கண்டால்தான் இன்றைக்கும் எனக்குப் பயம்.

கலா கூப்பிட்டாள். “சார், இன்னிக்கு இருபத்தி நாலு பதிவுன்னு காட்டுது.”

“முப்பத்தொண்ணு வரணுமே.”

“தண்ணி குடிக்க எறங்கினவங்களயும் சேத்து எண்ணியிருப்பீங்க. காலைல கவுன்டர் மேல வந்த காக்காவக்கூட எண்ணினீங்க, நான் பாத்துக்கினுதான இருந்தேன்.”

வரிசையில் முன்னால் நின்ற நான்கு பேர் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. வாழ்நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருந்த மனிதன், கணக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட ஒரே ஒரு நாளில், தன் கணக்கை விட்டுவிட்டு இயந்திரத்தின் கணக்கை எடுத்துக்கொண்டேன். “சரி, தொடங்கு” என்றேன். அடுத்த ஆள் பதிந்தார். சர்வர் அவருக்குத் தந்த எண், நூற்றுப் பன்னிரண்டு.

மூன்று நாள் எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல், டிரையர் ஓட்டும் தேசிங்கு கொட்டகையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான்.

“சார், இங்க ரெண்டு நூத்திப் பன்னெண்டு வந்து நிக்கிது. ஒரு டிரையர்தான் காலியா கீது. மேக்கால இருட்டிக்கினு வருது. யாரச் சார் உள்ள வுடறது?”

அலுவலகத்திலிருந்து கொட்டகைக்கு நூற்று நாற்பது தப்படி. அன்று நூற்றுப் பதினைந்தில் போனேன். கலாவும் பின்னாலேயே வந்தாள்.

கேட்டில் ஒரு டிராக்டர், ஒரு மாட்டுவண்டி, அதன் பின்னால் இன்னொரு மாட்டுவண்டி. டிராக்டர் கன்னியப்பனுடையது. நல்ல நிலபுலன் உள்ளவர், குரலும் அதற்கேற்ற அளவு. இரண்டு வண்டியும் அற்புதம் அம்மா கொண்டுவந்தவை. கன்னியப்பன் கைபேசியை எல்லோர் மூக்குக்கும் நேராக நீட்டிக்கொண்டிருந்தார்.

“மெசேஜ் கீதுய்யா! நூத்திப் பன்னெண்டு, கன்னியப்பன். படிக்கத் தெரிஞ்சவன் எவனாச்சும் படிங்க. இந்தாம்மா, உன் நம்பர் எங்க கீது? வாயிலதான கீது?”

“வாயிலதான் நைனா கீது. சொன்னவங்க வாயால சொன்னாங்க, நானும் வாயாலதான் சொல்லுவேன்.”

“வாயில கீறதெல்லாம் டிரையர்ல போட முடியாது.”

“உன் போன மட்டும் டிரையர்ல போட்டு வறுக்கப்போறியா?”

தேசிங்கு சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை, வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டைகளை மூடியிருந்தது இரண்டு பழைய புடவையும் ஒரு கிழிந்த பிளாஸ்டிக் தாளும். அடிவரிசை மூட்டைகள் ஏற்கெனவே வேர்த்திருந்தன. கை வைத்தேன், சூடு. ஈர நெல் உள்ளே வேகத் தொடங்கினால் அப்படித்தான் இருக்கும். மறுநாள் முளை வெடிக்கும். அந்த அம்மா அதுவரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர். அந்தப் போகத்தில்தான் முதல்முறையாகக் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாக விளைவித்திருந்தார் என்று தேசிங்கு என் காதில் சொன்னான். முறையை இழந்தால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். இன்னும் நான்கு நாள். நான்கு நாளில் அந்த நாற்பத்திரண்டு மூட்டையும் கோழித் தீவனம்.

மேலாளரைக் கூப்பிட்டேன். அவர் சுருக்கமாகச் சொன்னார்: “சிஸ்டத்துல யார் பேரு இருக்கோ அவங்கதான். வாய்ல சொல்றவங்களுக்கெல்லாம் தொறந்தா நாளைக்கு நூறு பேர் வருவாங்க. நீங்க சிஸ்டம் ஆளு, உங்களுக்கு நான் சொல்லணுமா?”

நியாயமான பேச்சுதான். நான் தயங்கி நின்றேன். அப்போது அற்புதம் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“தோ, இவருதான! நீதான சார் சொன்ன, பதிஞ்சாச்சு போம்மான்னு? ஸ்டூலு போட்டுக் குந்திக்கினு இருந்தியே. நான் படியெறங்கசொல்ல இருவத்தஞ்சுன்னு சொன்ன. நான்கூட இருவத்தஞ்சு இல்ல சார், நாப்பத்திரண்டுன்னு சொன்னனே!”

இருபத்தைந்து. அன்றைக்குச் சர்வர் காட்டியது இருபத்து நான்கு. இருபத்தைந்தாவது ஆள் இதோ என் எதிரில், வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அப்படியானால் முப்பத்தொன்று சரி. அப்படியானால் இவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர், பதிந்தாகிவிட்டது என்ற நம்பிக்கையில், எங்கெங்கோ நெல்லைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். காக்கையை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இப்படி நேரங்களில் மனிதன் முதலில் செய்வது ஓர் ஆளைத் தேடுவது. நானும் தேடினேன். பக்கத்திலேயே கிடைத்தாள்.

“கலா! அன்னிக்குக் காலி ஆயிடிச்சான்னு கேட்டேனா இல்லையா? ஆயிடிச்சின்னு சொன்னியே!”

“எறங்கிக்கினே இருந்திச்சி சார். நூறு, எம்பது, அறுவதுன்னு. இன்னும் கொஞ்சந்தான்னு பாத்துட்டு ஆயிடிச்சின்னேன். யாரு கேட்டாலும் அப்பிடித்தான சொல்லுவோம்?”

“ஆகாதத ஆயிடிச்சின்னா எப்படி?”

கலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் குரல் தாழவில்லை. “நான் சொன்ன ஆயிடிச்சி தப்புன்னா, உங்க சர்வர் சொன்னது? பச்சை எழுத்துல போட்டிச்சே பதிவு செய்யப்பட்டதுன்னு, அது மட்டும் ஆயிடிச்சா? அத நம்பித்தான சார் இந்தம்மாவ நீங்க போகச் சொன்னீங்க?”

முதல் தூறல் டிராக்டர் கூண்டின்மேல் சத்தத்தோடு விழத் தொடங்கியது. ஏழு துளி எண்ணினேன்.

அவள் சொன்னதுதான் முழு உண்மை. அந்த இயந்திரம் அதுவரை நேர்மையாக இருந்தது. பதினோரு விநாடி எடுத்துக்கொண்டாலும், எழுதிவிட்டுத்தான் எழுதினேன் என்று சொல்லும். அதற்கு ‘தோ வந்துட்டேன்’ என்று பேசக் கற்றுக்கொடுத்தது நான். நம்மோடு பேசும்போது அந்தப் பேச்சு எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். பச்சை எழுத்தில் வந்தபோது மட்டும் எல்லோரும் அதை அப்படியே நம்பினோம். முதலில் நம்பியவன் நான்.

நான் கன்னியப்பனிடம் போனேன். “அண்ணே, உங்க மெசேஜ் உண்மை. இந்தம்மா நம்பரும் உண்மை. மூணு நாள் முன்னாடி சர்வர நான் அவசரப்பட்டு அணைச்சதுல ஏழு பேர் பதிவு அழிஞ்சிடிச்சி. அந்த நம்பர்தான் மறுபடி உங்களுக்கு வந்திருக்கு. முதல்ல பதிஞ்சது இவங்க.”

“அப்போ நான்?”

“அடுத்த டிரையர் காலியானதும் நீங்க. மூணு மணி நேரம் ஆகும்.”

“மூணு மணி நேரம் நெல்லு நனையறதா? இன்னா சார் வெளாடுறியா? நேரா உள்ள போலாம்னு தார்ப்பாகூடக் கொண்டாரல நானு.” அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அலுவலகப் பக்கம் கையை நீட்டினார். “உன் மெஷினுக்குப் பந்தல் போட்டுக் கட்டி வெச்சிக்கிறியே ஒரு நீலத் தார்ப்பா, அதக் கொண்டா. நிக்கிறேன். இல்லன்னா என் மெசேஜ்தான் உள்ள போவும்.”

அறுவடைக் காலம், அடைமழை வரப்போகிறது, கூரை நான்கு இடத்தில் ஒழுகும். தார்ப்பாயை எடுக்கவேண்டுமென்றால் சர்வரை அணைத்து, பெட்டிகளைத் தூக்கி, காய்ந்த மூலையில் வைக்கவேண்டும். டோக்கன் அன்றைக்கு அவ்வளவுதான். மேலாளரைக் கேட்டால் கூடாது என்பார். அதனால் கேட்கவில்லை. இது சரியா தவறா என்று உங்கள் பயிற்சி வகுப்பில் விவாதித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நாள் என் மெமரியில் இருந்ததை நம்பி நெல் நனைந்தது, இன்றைக்கு நெல்லுக்காகச் சர்வர் நனைந்தால் நனையட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

திரும்பி ஓடினோம். இந்தமுறை முறையாக அணைக்கத் தொடங்கினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரில் உட்கார்ந்து மூலையில் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது. நாற்பத்தைந்து. பன்னிரண்டு. பன்னிரண்டில் லைன் நின்றுவிட்டது. வெளியே இடி. கலா வாசலிலிருந்து, “ஆயிடிச்சா சார்?” என்றாள். வாய்வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டு, “பன்னெண்டு” என்றேன். ஒன்பது. மூன்று. ஒன்று. அந்த ஒன்று நகர எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது. எண்ணாமல் விட்ட சில நேரங்களில் அதுவும் ஒன்று. பூஜ்யம் வந்தது. அணைத்தோம்.

தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டு நான் போனேன். கலா கவுன்டரில் உட்கார்ந்து, மூன்று நாள் முன்பு காலையில் யார் யார் வந்தார்கள் என்று நினைவிலிருந்தே எழுதினாள். சிவப்புத் துண்டு போட்டவர், பல்லில்லாத பெரியவர், அண்ணன் தம்பி சேர்ந்து வந்தவர்கள் என்று ஆறு பேரையும் அவள் தலைக்குள்ளிருந்து எடுத்தாள். ஊர் ஊராகத் தொலைபேசியில் கேட்டு, மாலைக்குள் ஐந்து பேரைப் பிடித்துவிட்டோம். ஆறாவது ஆள் திருப்புலிவனத்துக்காரர். அவர் எண்ணுக்கு அழைப்பே போகவில்லை. மறுநாள் அவராகவே வந்தார். அடியில் இருந்த நான்கு மூட்டை முளைத்துவிட்டிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. முளையைக் கையில் எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டு, “மெஷினு நல்லா ஓடுதா சார்?” என்று மட்டும் கேட்டார். மேலாளர் திட்டியது நாற்பது நிமிடம். அது எனக்கு ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மெமரியைக் கேஷாக்குங்கள். படிப்பதற்குத் தாராளமாக, கையிலிருப்பது முழுக்க எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மின்சாரம் போனால் அழிவது யாருடைய மூட்டை என்று முதலில் கேளுங்கள். அவர் பெயர் தெரியாவிட்டால் எடுக்காதீர்கள். நான் பிறகு எழுதுவதை நேராகக் காஞ்சிபுரத்துக்கே மாற்றிவிட்டேன். பதிவுக்கு ஆறு விநாடி. அதுவரை திரையில் ‘வந்துகினே கீது’ என்று காட்டும். டிஸ்க் வாங்கிக்கொண்டேன் என்று சொன்ன பிறகுதான் ‘வந்துடிச்சி’ என்று பச்சை எழுத்து வரும். வாசகம் கலாவுடையது. அலுவலகத் தமிழில் மாற்றச் சொல்லி மேலாளர் இரண்டு கடிதம் எழுதினார். இரண்டுக்கும், மாற்றியாச்சு என்று பதில் போட்டேன். இன்றுவரை மாறவில்லை என்று கேள்விப்படுகிறேன்.

அன்றைய மழைக்குத் திரும்புகிறேன். கன்னியப்பனும் நானும் தார்ப்பாயை டிராக்டர்மேல் இழுத்துக் கட்டி முடித்தபோது தூறல் மழையாகிவிட்டிருந்தது. தேசிங்கு எதிரே ஓடிவந்து, “சார், அந்தம்மா மூட்டையெல்லாம் உள்ள போயிடிச்சி, நீ போய் காபி சாப்புடு” என்றான்.

போயிடிச்சி. அந்தச் சொல்லைக் கேட்டு நான் காபி சாப்பிடப் போவேனா? கொட்டகைக்குள் நுழைந்து, டிரையர் வாயருகே அவிழ்த்துப் போட்டிருந்த காலிச் சாக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எண்ணினேன். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்றுதான். வெளியே ஓடி வண்டியைப் பார்த்தேன். இரண்டும் காலி.

திரும்பினால், தூணுக்குப் பின்னால் அற்புதம் அம்மா உட்கார்ந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் அவிழ்க்காத நாற்பத்திரண்டாவது மூட்டைமேல்.

“இன்னா சார், எம்மாம் நேரம்? எண்ணி முடிச்சிட்டியா இல்லியா?”

“தோ முடிச்சிட்டேன்மா. நீங்க எந்திரிங்க.”